படம் முடிந்த பிறகு ரிங்கு சிங் எறிந்த பந்துகள்

அக்கா மகனுக்குப் பதினெட்டு வயது. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், எங்கள் டிவிஷன் அணிக்கு முதல் ஓவர் வீசுகிறவன் அவன்தான். மென்பந்துதான். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் அவன் ஓடி வருவதைப் பார்த்தாலே ஓரடி பின்வாங்கி நிற்பார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினான். அதில் ஓடிக்கொண்டிருந்தது 'மில்லியன் டொலர் ஆர்ம்' என்ற ஹொலிவூட் படம்.

"மாமா, இது உண்மையா நடந்த கதையாமே. இவனும் நம்மள மாதிரிதான். எங்கயாவது போயி எறிஞ்சி காட்டினா நம்மளயும் எடுப்பாங்கல்ல?"

கேள்வி சும்மா வரவில்லை. வெளிநாட்டுக் கழகம் ஒன்றுக்குத் தெரிவுப் போட்டி நடத்தி ஆள் அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் வீட்டுக்கு வந்து போயிருந்தார். மூன்று இலட்சம் ரூபாய் கேட்டிருந்தார். அக்கா காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகு வைக்கத் தயாராக இருந்தாள்.

அந்தப் படம் உண்மைக் கதைதான். ஆனால் படம் ஓர் இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய பகுதி. அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

படம் சொன்ன கதை

2008 ஆம் ஆண்டு ஜே.பி. பேர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் இந்தியாவில் ஒரு போட்டியை நடத்தினார். கிரிக்கெட் பார்த்தே வளர்கிற நாட்டில் வேகமாகப் பந்து எறியக்கூடியவர்கள் இருப்பார்கள், அவர்களைப் பேஸ்போலுக்குப் பழக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்தார்கள். வென்றவர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்தில் பதோகி மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், லொறிச் சாரதியின் மகன். பாடசாலைக் காலத்தில் ஈட்டி எறிந்தவர். இடது கையால் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்து 100,000 டொலர் பரிசைப் பெற்றார். இரண்டாவதாக வந்த தினேஷ் பட்டேலும் அதே மாநிலத்தவர், ஈட்டி எறிபவர்தான்.

இருவரும் அதுவரை பேஸ்போலைக் கையில் எடுத்தவர்கள் அல்லர். லொஸ் ஏஞ்சல்ஸில் டொம் ஹவுஸ் என்ற பயிற்றுநரிடம் சில மாதங்கள் பழகினார்கள். பிறகு அரிசோனாவில் கழகங்களின் தெரிவாளர்கள் முன்னால் எறிந்து காட்டினார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்போலில் ஒப்பந்தமான முதல் இந்தியக் குடிமக்கள் இவர்கள். 2014 இல் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாக்கியது. இசை ஏ.ஆர். ரஹ்மான். ஒப்பந்தம் கிடைத்ததும் எல்லோரும் மகிழ்ச்சியில் திளைக்க, படம் முடிகிறது.

பார்க்கிறவர்கள் எழுந்து போகிற அந்த இடத்தில்தான் ரிங்குவின் வேலை தொடங்கியது.

ஏணியின் அடிப்படி

நமக்குத் தெரிந்த கிரிக்கெட்டில் கழக அணி, மாகாண அணி, தேசிய அணி என்று போகும். அமெரிக்கப் பேஸ்போலில் 30 பெரிய கழகங்கள் இருக்கின்றன. அவை ஆடுவது மேஜர் லீக். ஒவ்வொரு கழகத்துக்கும் கீழே அதற்குச் சொந்தமான வீரர்கள் ஆடும் சிறிய அணிகள் பல உண்டு. அந்த முழு அடுக்குக்கும் பெயர் மைனர் லீக். அடியில் பயிற்சி முகாம் அணிகள். அதற்கு மேலே ஒற்றை ஏ, உயர் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று படிகள். கடைசிப் படிக்கும் மேலேதான் தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற ஆட்டம். மைனர் லீக்கில் சேர்கிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் ஒரு நாளாவது அங்கே ஆடுகிறார். மற்றவர்கள் இடையில் எங்கேயோ இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள்.

ரிங்கு எந்தப் படியில் நின்றார்? 2009 ஜூலை 4 ஆம் திகதி, புளோரிடாவில், அடிப்படிகளில் ஒன்றான வளைகுடாக் கரை லீக்கில் முதன்முதலாக எறிந்தார். அந்த மாதமே ஒரு போட்டியில் வெற்றி அவர் கணக்கில் எழுதப்பட்டது. அமெரிக்காவில் தொழில்முறைப் போட்டி ஒன்றை வென்ற முதல் இந்தியக் குடிமகன் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தச் செய்தி நம் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருந்தாலும் யார் வாசித்திருப்பார்கள்? முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 77 இலும் 83 இலும் மலையகத்தில் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய எங்கள் உறவுகள் மெனிக் பாம் முட்கம்பிக்குள் இருந்தார்கள். யார் எந்தக் கூடாரத்தில் என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. ரிங்குவின் கதையை நான் படித்தது எத்தனையோ வருடம் கழித்து.

2010 இலும் அவர் அதே அடிப்படியில்தான் ஆடினார். அந்த வருடக் கடைசியில் தினேஷ் பட்டேலைக் கழகம் விடுவித்தது. இரண்டே பருவம். அவர் ஊர் திரும்பினார். ஒன்றாக வந்த இருவரில் ரிங்கு மட்டும் தங்கினார்.

2011 இல் டொமினிக்கன் குடியரசிலும், பென்சில்வேனியாவின் ஸ்டேட் கொலேஜ் அணியிலும், மேற்கு வேர்ஜினியா அணியிலும் எறிந்தார். அந்தக் குளிர்காலம் அவுஸ்திரேலியாவில் கன்பரா அணிக்கு. 2012 அவருடைய நல்ல வருடம். மேற்கு வேர்ஜினியா பவர் அணிக்காக 39 போட்டிகள், 72 இன்னிங்ஸ். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக மூன்று ஓட்டங்கள்தான் விட்டுக்கொடுத்தார். பேஸ்போலில் இது நல்ல கணக்கு. நான்கு வருடம் முன்பு பந்தைப் பிடிக்கும் கையுறையே பார்த்திராத ஒருவர் அந்த நிலைக்கு வந்தது சின்ன விடயமல்ல. ஆனாலும் அது ஒற்றை ஏ. மேலே இன்னும் மூன்று படிகள் இருந்தன.

முழங்கை

கிரிக்கெட்டில் பந்தை எறியக்கூடாது, வீச வேண்டும். முழங்கை மடிந்து நிமிர்ந்தால் பிழை. முத்தையா முரளிதரனுக்கு 1995 இல் மெல்பேர்னில் நடுவர் 'நோ போல்' கொடுத்தபோது எத்தனை இரவு வாதம் செய்திருப்போம்! பேஸ்போலில் நேர் எதிர். முழங்கையை மடித்துச் சவுக்குப் போல் உதறி எறிவதே அங்கே வேலை. எறிகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் இடையில் 18.44 மீற்றர். ஓடி வர இடமில்லை. மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தே முழு வேகத்தையும் பிறப்பிக்க வேண்டும்.

அந்த உதறலின் பெரும் பாரம் முழங்கையின் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய தசைநாரில் விழுகிறது. ஆண்டுக்கணக்காக எறிந்தால் அது நைந்து ஒரு நாள் அறக்கூடும். 1974 வரை அறுந்தால் தொழில் முடிந்தது என்று அர்த்தம். அந்த வருடம் பிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டொமி ஜோன் என்ற வீரருக்கு உடம்பின் வேறோர் இடத்திலிருந்து நாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். ஜோன் திரும்பி வந்து மேலும் பல வருடம் எறிந்தார். அந்தச் சத்திரசிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் தேறி வர ஒரு வருடத்துக்கு மேலாகும். தேறினாலும் எல்லோருக்கும் பழைய வேகம் திரும்புவதில்லை.

ரிங்குவுக்கு 2013 இல் அதே சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு மைனர் லீக் போட்டி ஒன்றில்கூட அவரால் எறிய முடியவில்லை. படம் திரைக்கு வந்த 2014 இல், உலகம் முழுவதும் அவர் கதையைப் பார்த்துக் கைதட்டியபோது, அவர் கை குணமாகும் என்று காத்துக்கொண்டிருந்தார். 2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்த நிறுவனத்துடன் ஒப்பந்தமானார். 'வீர் மகான்' என்ற பெயரில் தொலைக்காட்சியில் வந்தவர் அவர்தான். என் அக்கா மகனுக்கு வீர் மகானைத் தெரிந்திருந்தது. அவர் பந்தெறிந்தவர் என்பது தெரியவில்லை.

நாட்கூலியும் பருவக்கூலியும்

இனிச் சம்பளத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்தவனுக்கு மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2012 இல் மேஜர் லீக்கில் ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளம் 480,000 டொலர். அதே காலத்தில் மைனர் லீக்கில் முதல் ஒப்பந்த வருடத்தில் இருப்பவருக்கு மாதம் 1,100 டொலர். அதுவும் பருவம் நடக்கும் ஐந்து மாதங்களுக்கு மட்டும். பருவத்துக்கு முந்திய பயிற்சி முகாமுக்குச் சம்பளமே இல்லை. குளிர்காலத்தில் உடம்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அதற்கும் இல்லை. வருடம் முழுவதும் சேர்த்து 7,500 டொலருக்குள் வாங்கியவர்கள் நிறையப் பேர். தங்குமிடமும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து பேர் ஒரு சிறிய வீட்டை எடுத்துத் தரையில் படுப்பார்கள். ஒப்பந்தமோ ஏழு பருவம் வரை வீரரைக் கழகத்தோடு கட்டிவைத்தது. வேறு கழகம் கூடுதலாகத் தருகிறேன் என்றாலும் போக முடியாது.

இதை வாசித்தபோது பழைய ஆட்கள் சொல்லும் துண்டு முறைதான் நினைவுக்கு வந்தது. கடன் எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்துக் கூலி இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்ற அந்த முறை 1921 வரை இருந்தது. இரண்டையும் சமமாக வைக்க நான் வரவில்லை. மைனர் லீக் வீரர் பிடிக்காவிட்டால் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நம் பாட்டன் பூட்டனுக்குப் போக வீடு இருக்கவில்லை. 1948 க்குப் பிறகு நாடும் இருக்கவில்லை. ஆனால் ஒரு விடயம் இரண்டுக்கும் பொது. பிரட்டுக்குப் போய் நின்றாலும் மலையில் வேலை இருந்தால்தான் பேர். சொன்ன கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப் பேர். செய்கிற வேலையில் எது வேலை, எதற்குக் காசு என்று தீர்மானிப்பது வேலை வாங்குகிறவன்.

அதை மாற்றியவர்களும் விளையாட்டு வீரர்கள்தான். கரட் புரோஷுயிஸ் என்பவர் ஜயண்ட்ஸ் கழகத்தின் மைனர் லீக் அணிகளில் ஆறு பருவம் பந்தெறிந்தவர். மேலே போகவில்லை. சட்டம் படித்து வழக்கறிஞரானார். 2014 இல் ஆரோன் சென் என்ற முன்னாள் வீரரின் பெயரில், ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்று வழக்குப் போட்டார். கழகங்கள் சும்மா இருக்கவில்லை. 2018 இல் மைனர் லீக் வீரர்களை அந்தச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து பெருமளவு விலக்கும் பிரிவு ஒன்றை அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேற்றிக்கொண்டன. 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்' என்பது அந்தச் சட்டத்தின் பெயர்! 2021 இல் நாற்பதுக்கு மேற்பட்ட சிறிய அணிகளைத் தங்கள் அடுக்கிலிருந்து நீக்கி 120 ஆகக் குறைத்தன. ரிங்கு ஆடிய ஸ்டேட் கொலேஜ், மேற்கு வேர்ஜினியா இரண்டுமே அந்த வெட்டில் போயின.

எட்டு வருடம் இழுத்த வழக்கு 2022 இல் 185 மில்லியன் டொலர் இணக்கத்தில் முடிந்தது. அதே வருடம் செப்டம்பரில் மைனர் லீக் வீரர்கள் மேஜர் லீக் வீரர்களின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 இல் முதலாவது கூட்டு ஒப்பந்தம். அடிப்படியில் வருடத்துக்கு 4,800 டொலராக இருந்த ஆகக்குறைந்த சம்பளம் 19,800 ஆனது. ரிங்கு நின்ற ஒற்றை ஏ படியில் 11,000 என்பது 26,200 ஆனது. தங்குமிடம் கழகத்தின் பொறுப்பானது. ரிங்குவும் தினேஷும் எறிந்து முடித்துப் பத்து வருடம் கழித்து.

ஆயிரம் ரூபாய் கேட்டு எத்தனை வருடம் ஹட்டன் வீதியில் நின்றோம் என்பது நமக்குத் தெரியும். 2021 மார்ச்சில் அது சம்பள நிர்ணய சபை மூலம் வந்தபோது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. 2024 இல் 1,700 என்று வர்த்தமானியில் வந்தது, அந்த வருடம் 1,350 இல் நின்றது. ஆகவே அமெரிக்காவில் ஒரே ஒப்பந்தத்தில் சம்பளம் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆனதை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அது ஒரே நாளில் வந்ததல்ல. மேலே போன சிலரின் கதையைப் பார்த்து, நாளைக்கு நமக்கும் கிடைக்கும் என்று கீழே இருந்த ஆயிரக்கணக்கானோர் பல பத்து வருடம் பேசாமல் இருந்தார்கள். அந்த நம்பிக்கைதான் கூலியைக் குறைத்து வைத்திருந்தது. பேசத் தொடங்கிய பிறகுதான் அசைந்தது.

கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள்

தோட்டத்துப் பிள்ளைகள் மேஜர் லீக் போனதே இல்லையா என்றும் மருமகன் கேட்டான். போயிருக்கிறார்கள். ரிங்கு சில காலம் எறிந்த டொமினிக்கன் குடியரசில் சான் பெத்ரோ தெ மக்கோரிஸ் என்ற ஊர் இருக்கிறது. கரும்பாலைகளின் ஊர். ஆங்கிலேயர் ஆண்ட கரிபியன் தீவுகளிலிருந்து கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்கள் ஆடியது நம்மைப் போல் கிரிக்கெட். பிள்ளைகள் காலத்தில் அது பேஸ்போலாக மாறியது. அந்தச் சிறிய ஊரிலிருந்து மேஜர் லீக் போனவர்கள் பலர். சமி சோசா அந்த ஊரவர்தான்.

ஆனால் அங்கேயும் 'புஸ்கோன்' என்று சொல்லப்படும் தரகர்கள் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை எடுத்துப் பழக்கி, பதினாறு வயதில் கழகத்துக்குக் கொடுத்து, கிடைக்கிற ஒப்பந்தக் காசில் பெரிய பங்கை எடுத்துக்கொள்வார்கள். படிப்பை விட்டுவிட்டு எறிந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் திரும்ப வருவது அதே கரும்பாலை ஊருக்கு.

அந்தத் தரகர்கள்கூடப் பிள்ளை ஒப்பந்தமான பிறகுதான் பங்கு எடுக்கிறார்கள். நம் வீட்டுக்கு வந்தவர் முன்கூட்டியே மூன்று இலட்சம் கேட்டார். பேர்ன்ஸ்டீன் நடத்திய போட்டியில் எறிந்து வென்றவனுக்குக் காசு கொடுத்தார்கள். திறமையைத் தேடி வருகிறவன் திறமைக்காரனிடம் காசு கேட்பதில்லை.

கேட்க வேண்டியவை

மருமகனிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. பெரட்டுக் களத்துக்கும் கொழும்புக் கடைக்கும் இடையில் அவனுக்கு வேறு வழி இருக்கக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஒரு காகிதத்தில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அந்த ஆள் மறுபடி வந்தால் கேட்கச் சொன்னேன்.

எந்தக் கழகம், அதன் விலாசம் என்ன? மாதச் சம்பளம் எவ்வளவு, வருடத்தில் எத்தனை மாதம்? ஆடாத நாளுக்கும் பயிற்சி நாளுக்கும் காசு உண்டா? கை முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? திருப்பி அனுப்பினால் பயணச்சீட்டு யார் எடுப்பது?

அடுத்த வாரம் அக்கா அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுத்தாள். முதலாவது கேள்விக்கு நேரில் வந்து சொல்கிறேன் என்றாராம். நாலாவது கேள்வியில் தொடர்பு துண்டிக்கப்பட்டது. பிறகு வரவில்லை. அக்காவின் தோடு காதில்தான் இருக்கிறது.

மருமகனுக்கு என் மேல் கொஞ்சம் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. அதற்கப்புறம் ஹட்டன் டன்பார் மைதானத்தில் கடினப் பந்தில் பழகுகிற பையன்களோடு சேர்த்துவிடும்படி கேட்டான். பஸ் காசுக்கு மாத்திரம் நான் பொறுப்பு. முதல் நாள் போய் வந்தவன் தோளைத் தடவிக்கொண்டே சொன்னான்: "மாமா, அந்தப் பந்து சும்மா கல்லு மாதிரி இருக்கு."

கையைப் பார்த்துக்கொள் என்றேன்.